நீளமான ‘ம்’

என் பெயர் பேச்சியம்மாள். பெயருக்கு ஏற்ற வாய். மருத்துவக் கருவிகளை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவதற்கு முன்னால் சோதித்துப் பார்த்து, ‘இதை நம்பலாம்’ என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. ‘தெளிவு’ என்ற மெசினுக்கும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். எவ்வளவு பெருமையாகப் போட்டேன் என்பதை நினைத்தால் இப்போது எனக்கே என் கன்னத்தில் இரண்டு போட வேண்டும் போல இருக்கிறது.

தெளிவு எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் முடிந்தவர்களின் வயிற்றுக்குள் சில சமயம் நீர் கோத்துக்கொள்ளும். ஸ்கேனில் கறுப்பாக ஒரு குட்டை மாதிரி தெரியும். அது வெறும் நீரா, சீழா என்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்வது கஷ்டம். வெறும் நீர் என்றால் சும்மா விட்டாலே உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். சீழ் என்றால் உடனே வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி ரத்தத்தில் ஏறி ஆளையே முடித்துவிடும். ஊசி குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்தான். ஆனால் சுத்தமான நீருக்குள் ஊசியை விட்டால் ஊசியோடு கிருமியும் உள்ளே போகலாம். அப்படிப் போய்ச் சில பேர் இறந்து, வழக்காகி, ஊரே கொந்தளித்த சமயத்தில்தான் தெளிவு வந்தது.

ஊசியே வேண்டாம். ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்தால் போதும். நீருக்குள் கிருமிகள் நெளிவதால் திரும்பி வரும் ஒலியில் ஒரு நடுக்கம் இருக்குமாம், அதை மெசின் பிடித்துவிடுமாம். திரையில் ஒரே ஒரு சொல் வரும். ‘சுத்தம்’ அல்லது ‘கிருமி’. காப்பீட்டு வாரியத்துக்கு இது ரொம்பப் பிடித்துப்போய், தெளிவு ‘கிருமி’ என்று சொல்லாமல் யாரும் ஊசியைத் தொடக் கூடாது என்று விதியே போட்டுவிட்டார்கள். நாலே மாதத்தில் நாற்பது ஆஸ்பத்திரிகளுக்கு மெசின் போய்விட்டது.

முதல் புகார் தூத்துக்குடியிலிருந்து வந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். எழுதியவர் அங்கே ஸ்கேன் பார்க்கும் டாக்டர் கிளிட்டஸ் மிராண்டா. இரண்டே வரி. ‘அறுபத்தொரு பேருக்குப் பார்த்தேன். அறுபத்தொரு பேரும் சுத்தம் என்கிறது. ஆள் அனுப்பவும்.’

நானே போனேன். டாக்டர் கிளிட்டஸுக்கு முப்பத்திரண்டு வயது இருக்கலாம். ஒல்லியாக, அமைதியாக, ஒரு கேள்வி கேட்டால் அரை பதில் சொல்கிற ஆள்.

“அறுபத்தொரு பேரும் சுத்தமா இருக்கக் கூடாதா டாக்டர்?” என்றேன். வம்புக்குத்தான்.

“எங்க ஊர்ல அவ்வளவு நல்லவங்க கிடையாது மேடம்.” சிரிக்காமலே சொன்னார். “நாலு பேர் வீட்டுக்குப் போயிட்டு நடுங்கிக்கிட்டே திரும்பி வந்தாங்க. வயித்தத் தொறந்தா சீழ். எப்படியோ காப்பாத்திட்டோம். மத்தவங்க எங்க போனாங்க, எப்படி இருக்காங்கன்னு தெரியாது. இப்ப ஒரு டீச்சர் உள்ள இருக்காங்க. அவங்கள நாளைக்கு வீட்டுக்கு விடணும். எனக்கு மனசே இல்ல.”

டீச்சரின் பெயர் தங்கபுஷ்பம். கணக்கு டீச்சர். பித்தப்பையை எடுத்துப் பன்னிரண்டு நாள். ஈரலுக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு நீர். மெசின் இரண்டு தடவை ‘சுத்தம்’ என்று சொல்லியிருந்தது.

“ரத்தப் பரிசோதனை?”

“வெள்ளை அணு கொஞ்சம் கூடுதல். ஆனா ஆபரேஷன் பண்ணின உடம்பு, கூடத்தான் செய்யும். காய்ச்சல் இல்ல. அவங்களுக்கு வீட்டுக்குப் போகணும்னு ஒரே அவசரம்.”

ஆக, நாளைக் காலைக்குள் ஒரு பதில் வேண்டும். அந்த எலுமிச்சம்பழத்துக்குள் இருப்பது என்ன? தப்பாகச் சொன்னால் ஒரு மனுஷி போய்விடுவார்.

நான் வேலையை ஆரம்பித்தேன். கருவியை மாற்றினேன், வயரை மாற்றினேன், மின்சாரத்தை அளந்தேன், வயிற்றில் தடவும் பசையைக் கூட வேறு கம்பெனி பசையாக மாற்றிப் பார்த்தேன். மெசினில் ஒரு குறையும் இல்லை. பாளையங்கோட்டையில் நான் சோதித்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அங்கே மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்தேன், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரியாகச் சொன்னது. இங்கே மட்டும் அதற்கு என்ன கேடு? எனக்கு எரிச்சலும் வந்தது, அதைவிட ஆசையும் வந்தது. ஒரு புதிர் இப்படிக் கைக்கு எட்டாமல் ஆட்டம் காட்டினால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாளையங்கோட்டைப் பதிவுகளை மடிக்கணினியில் ஓட விட்டேன். அத்தனையும் டாக்டர் பிரம்மசக்தி எடுத்தவை. அவர் பதினைந்து வருஷமாக அங்கே ஸ்கேன் பார்த்தவர். மெசின் படித்ததே அவர் எடுத்த பதிவுகளை வைத்துத்தான். அறிக்கையை வாயால் சொல்வதற்காக மெசினிலேயே ஒரு மைக் உண்டு, அதனால் பதிவில் அறையின் சத்தமும் சேர்ந்து இருந்தது.

“இட்லி எறங்குச்சா? எத்தன தின்னிய?” என்று பிரம்மசக்தியின் குரல். யாரோ ஒரு நோயாளி ஏதோ சொல்கிறார். “ம். ம். மருமக என்ன சொல்லுதா? ம்.”

கிளிட்டஸ் திரும்பிப் பார்த்தார். “இவங்க ஸ்கேன் பண்றாங்களா, ஊர்க்கதை பேசறாங்களா?”

எனக்கும் தலைவலி. சத்தத்தை அணைத்துவிட்டு, அதே பதிவை மெசினுக்குள் மறுபடி ஓட விட்டேன். முதலில் ‘கிருமி’ என்று சரியாகச் சொன்ன பதிவு அது. இப்போது திரையில் வந்தது: சுத்தம்.

நான் கைதவறி வேறு பதிவைப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பப் போட்டேன். சத்தத்தோடு, கிருமி. சத்தமில்லாமல், சுத்தம்.

“டாக்டர், இங்க வாங்க.”

இருநூறு பதிவுகளை ஓட விட்டோம். சத்தம் இருந்தால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு சரி. சத்தம் இல்லாவிட்டால் அத்தனையும் சுத்தம். அப்புறம் எனக்கு ஒரு கிறுக்கு யோசனை வந்தது. படத்தை முழுக்கக் கறுப்பாக்கிவிட்டு, சத்தத்தை மட்டும் கொடுத்தேன். நூற்றுத் தொண்ணூறு சரி!

இந்த மெசின் வயிற்றைப் பார்க்கவே இல்லை.

“அப்ப எதத்தான் கேக்குது?” என்றார் கிளிட்டஸ். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது.

சத்தத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்துப் பார்த்தோம். நோயாளியின் பேச்சை எடுத்தேன், பதில் மாறவில்லை. பிரம்மசக்தியின் கேள்விகளை எடுத்தேன், மாறவில்லை. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு எழுத்து.

ம்.

நம் ஆட்களிடம் ‘ம்’ ஒன்றா இரண்டா? கதை கேட்க ஒன்று, சரி என்பதற்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று, நம்பவில்லை என்பதற்கு ஒன்று. பிரம்மசக்திக்கு எல்லாம் சரியாகத் தோன்றினால் வெட்டின மாதிரி குட்டியாக ஒரு ‘ம்’. ஏதோ சரியில்லை என்று மனதில் பட்டால், இழுத்து, இறங்கி, ‘ம்ம்ம்…’ அந்த இழுப்பு வந்த பதிவெல்லாம் கிருமி. வராத பதிவெல்லாம் சுத்தம். மெசின் கற்றுக்கொண்டது அதைத்தான்.

மேஜையில் ஒரு குளுக்கோஸ் பை இருந்தது. அதை எடுத்து ஸ்கேன் கருவிக்குக் கீழே வைத்தேன். மைக்குக்குப் பக்கத்தில் போய், “ம்ம்ம்…” என்று இழுத்தேன்.

கிருமி, என்றது தெளிவு.

கிளிட்டஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் ஸ்கேன் பார்க்கும்போது வாயே திறக்கமாட்டார் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னார். அதனால்தான் இங்கே அறுபத்தொரு பேரும் சுத்தம். மற்ற முப்பத்தொன்பது இடங்களிலும் டாக்டர்கள் அவரவர் பழக்கத்துக்கு ‘ம்’ கொட்டியிருப்பார்கள். மெசின் மாற்றி மாற்றி ஏதோ சொல்லியிருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

நான் சோதித்தபோதும் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது பிரம்மசக்திதான். நான் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணிருந்தும் குருடி.

அவர் இப்போது கோவில்பட்டியில் ஒரு சிறிய மையத்தில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்க்கிறார். தெளிவு வந்த பிறகு, நீரா சீழா என்று பார்த்துச் சொல்லத் தனியாக ஒரு டாக்டர் எதற்கு என்று ஆஸ்பத்திரி அவரை அனுப்பிவிட்டது. போனில் பாதி சொல்வதற்குள், “இருங்க, வாரேன்” என்று வைத்துவிட்டார். மதியம் பஸ்ஸில் வந்து இறங்கினார். நாற்பத்தாறு வயது, கனத்த உடம்பு, கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

அவருடைய குரலையே அவருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு மூன்று பதிவுகள் கேட்டார்.

“இது நானா? இப்படியா இழுக்கேன்?”

“ஆமா மேடம்.”

“எனக்குத் தெரியவே தெரியாதே.” இன்னொரு பதிவைத் தானே ஓட விட்டுக் கேட்டார். “நான் என்ன நெனச்சனோ அதையே மெசினும் சொல்லும். எனக்கு அவ்வளவு சந்தோசம். பாரு, நம்ம கண்ணுக்குத் தெரியறது மெசினுக்கும் தெரியுதுன்னு வீட்டுல எல்லார்கிட்டயும் சொன்னேன். அப்ப என் வேலைக்கு வேட்டு வெச்சதும் நான்தானா?”

மன்னிச்சிருங்க மேடம் என்றேன்.

“அத அப்புறம் பாப்போம். டீச்சர் எங்க?”

தங்கபுஷ்பம் டீச்சரை ஸ்கேன் அறைக்குக் கூட்டி வந்தார்கள். சித்திரை மாதத்துத் தூத்துக்குடியில் அவர் கழுத்து வரை போர்வை போர்த்தியிருந்தார். கிளிட்டஸ், “ஏசியக் கொறைங்க” என்று நர்ஸிடம் சொன்னார்.

பிரம்மசக்தி கருவியை எடுத்து வயிற்றில் வைத்தார். கறுப்புக் குட்டை திரையில் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தோம். அவர் எங்களைப் பார்த்தார். கருவியை நகர்த்தினார். மறுபடி எங்களைப் பார்த்தார்.

“இப்படி ரெண்டு பேரும் வாயப் பாத்துக்கிட்டு நின்னா எனக்கு எப்படி வரும்? வரமாட்டேங்குது.” அவருக்கு அழுகையே வந்துவிட்டது. “இனிமே வராதுன்னு நெனைக்கேன். நான் எதப் பாத்து இழுத்தேன்னே எனக்குத் தெரியலயே.”

நாங்கள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டோம். சிரிக்கிற விஷயம்தான், ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

பிரம்மசக்தி கருவியை வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படம் பார்ப்பதை விட்டுவிட்டு டீச்சரிடம் பேச ஆரம்பித்தார்.

“காபி குடிச்சியளா டீச்சர்?”

“வேண்டாம்னுட்டேன் டாக்டரம்மா. வாயெல்லாம் கசக்கு.”

“எப்பயிருந்து?”

“நாலஞ்சு நாளா. உள்காய்ச்சல் மாதிரி இருக்கு. சாயங்காலமானா முதுகு குளுருது.”

கிளிட்டஸ் திரும்பினார். “காய்ச்சல் இல்லைன்னுல்ல எழுதியிருக்கு? தினமும் ஆறு மணிக்கு நர்ஸ் பாக்கறாங்களே!”

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிரம்மசக்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆறு மணிக்கு முன்னாடி என்ன செய்தியன்னு எங்கிட்ட மட்டும் சொல்லுங்க.”

“மாத்திர போட்டுக்கிடுவேன்.” டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “காய்ச்ச மாத்திர. கைப்பையில இருக்கு. அஞ்சு மணிக்குப் போட்டா ஆறு மணிக்கு நர்ஸ் வெக்கிற காய்ச்சக் கம்பி ஏறாது. வெள்ளிக்கிழம எங்களுக்கு மாறுதல் கலந்தாய்வு டாக்டரம்மா. பதினோரு வருசமா விளாத்திகுளம் பக்கம் போய்ட்டு வாரேன், தெனமும் ரெண்டு பஸ்ஸு. இந்த வருசம் முன்னுரிமைப் பட்டியல்ல எனக்கு மூணாவது எடம். நேர்ல போகலன்னா போச்சு. காய்ச்ச இருந்தா விடமாட்டாங்கல்ல, அதான்.”

அதுதான் சங்கதி. பிரம்மசக்தி பதினைந்து வருஷமாக ‘ம்’ கொட்டியது படத்துக்கு மட்டும் இல்லை. கசக்குது, குளிருது, இட்லி இறங்கவில்லை, எதையோ மறைக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். படத்தை மட்டும் பார்த்த கிளிட்டஸுக்கும் அது தெரியவில்லை, எதையுமே பார்க்காத என் மெசினுக்கும் தெரியவில்லை.

“சீழா மேடம்?” என்றார் கிளிட்டஸ்.

“தெரியல. சந்தேகம் நெறைய இருக்கு. குத்திப் பாத்தாத்தான் தெரியும்.”

“மெசின் சுத்தம்னு சொல்லும்போது குத்தினா வாரியம் என் லைசென்ஸைப் பிடுங்கிரும். உள்ள வெறும் தண்ணியா இருந்துட்டா அவ்வளவுதான்.”

“ஒரு நிமிஷம்” என்றேன். “மேடத்தோட பழைய இழுப்பு ஒண்ணை மைக்குல போட்டா மெசின் ‘கிருமி’ன்னு சொல்லிரும். அனுமதி வந்துரும். நீங்க பாட்டுக்குக் குத்தலாம்.”

சொல்லி முடிக்கும்போதே எனக்குக் கூசியது. பிரம்மசக்தி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“சீழ் வந்தா யாரு கண்டுபிடிச்சதா எழுதுவிய? மெசின். நூத்துக்குத் தொண்ணூத்தேழுன்னு ஆகும். நாளைக்கு வேற ஊர்ல இன்னொரு டீச்சர் சுத்தம்னு வீட்டுக்குப் போவா. வேண்டவே வேண்டாம்மா.”

கிளிட்டஸ் கை கழுவும் தொட்டி வரைக்கும் போய், அங்கேயே நின்றார். பிறகு குழாயைத் திறந்து கையைக் கழுவ ஆரம்பித்தார். “நானே கையெழுத்துப் போடறேன்” என்றார்.

ஆனால் டீச்சர் சம்மதிக்கவில்லை. “மெசினே சுத்தம்னு சொல்லிருச்சு. அத விட நீங்க கண்டுருவியளா? ஊசி போட்டா இன்னும் நாலு நாள் படுக்கப் போடுவிய. எனக்கு வெள்ளிக்கிழம போகணும்.”

இதை நான்தான் சொல்ல வேண்டும். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“டீச்சர், அந்த மெசினை மூணு வாரம் கூடவே உக்காந்து பாத்து, நம்பலாம்னு கையெழுத்துப் போட்டது நான். அதுக்கு ஒண்ணும் தெரியாது. இந்த டாக்டரம்மா மனசுல என்ன நெனைக்கிறாங்கன்னு அவங்க குரலக் கேட்டு, அதையே திருப்பிச் சொல்லியிருக்கு. உங்க வயித்தை அது பாக்கவே இல்ல.”

டீச்சர் என்னை உற்றுப் பார்த்தார். முகத்தில் நோய்க் களை போய், வகுப்பறை வந்துவிட்டது.

“அப்ப பக்கத்துப் பிள்ளையப் பாத்து எழுதியா பாஸாயிருக்கு?”

“ஆமா டீச்சர்.”

“தனியா உக்காத்தி வெச்சா வெள்ளப் பேப்பரு. எத்தன பிள்ளைகளப் பாத்திருக்கேன்!” என்றார். “நீங்க கூடவே உக்காந்து இருந்தும் பிடிக்கலயாக்கும்?”

“பிடிக்கல டீச்சர்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் நீர் வழிந்தது. “பதினோரு வருசம்” என்றார். அப்புறம், “சரி, போடுங்க” என்றார்.

பிரம்மசக்தி கருவியைப் பிடித்து வழி காட்ட, கிளிட்டஸ் ஊசியை இறக்கினார். ஊசி முனை கறுப்புக் குட்டைக்குள் பளிச்சென்று தெரிந்தது. பின்னால் இழுத்தார். ஒரு கணம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. மஞ்சளும் பச்சையுமாகக் கெட்டியாக, அறையையே நாறடிக்கிற சீழ். கிளிட்டஸின் தோள்கள் இறங்குவதைப் பார்த்தேன். நான் வெளியே ஓடிப்போய்த் தாழ்வாரத்தில் நின்று அழுதேன். சந்தோஷமா, பயமா என்று கேட்டால் இரண்டும்தான்.

குழாய் பொருத்தி முழுவதையும் வடிய விட்டார்கள். சாயங்காலத்துக்குள் டீச்சருக்குக் குளிர் நின்றுவிட்டது. ஒரு நாள் தள்ளியிருந்தால் கையில் பிடித்திருக்க முடியாது என்றார் பிரம்மசக்தி.

நான் சென்னைக்குப் போன் போட்டேன். என் மேலதிகாரி ரகோத்தமன் சார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார், “பேச்சி, பதட்டப்படாதீங்க. இதுல ஒரு வழி இருக்கு. அந்தம்மாவையே மறுபடி வேலைக்கு எடுத்துடலாம். நாற்பது ஆஸ்பத்திரிப் படத்தையும் அவங்க வீட்டிலிருந்தே பார்க்கட்டும். அவங்க ‘ம்’ சொன்னா மெசினுக்குப் போயிடும். மெசின் சரியாத்தானே சொல்லும்? வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம்.”

அவருக்கு நான் கொடுத்த பதிலை இங்கே அச்சில் போட முடியாது. நாற்பது ஆஸ்பத்திரிகளுக்கும் வாரியத்துக்கும் நானே கடிதம் எழுதினேன். ‘தெளிவின் சொல்லை நம்ப வேண்டாம். என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்.’ அனுப்பிவிட்டுத்தான் பிரம்மசக்தியிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, “இன்னும் அறுபத்தொரு பேர் இருக்காங்களே” என்றார்.

திரும்பி வந்த நாலு பேரையும் டீச்சரையும் விட்டால் ஐம்பத்தாறு பேர். பட்டியலை மூன்றாகப் பிரித்து மூன்று பேரும் போனோடு உட்கார்ந்தோம். மணி ஏழு இருக்கும். காய்ச்சல் இருக்கிறதா, வாய் கசக்கிறதா, குளிர்கிறதா என்று கேட்க வேண்டும். என் பங்கில் முதல் ஆறு பேரும் நன்றாக இருந்தார்கள். ஒருவர் பனியன் கடையில் வியாபாரத்தில் இருந்தார், என்னம்மா தொந்தரவு என்று கடிந்துகொண்டார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

ஏழாவது பெயர் முத்துக்கிளி, ஐம்பத்திரண்டு வயது, உப்பளத் தொழிலாளி. ஒரு ஆண் குரல் எடுத்தது. கணவராம்.

“அவ போயிட்டாளேம்மா. இருபத்தி மூணு நாளாச்சு” என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

“வீட்டுக்கு வந்து எட்டு நாள் நல்லாத்தான் இருந்தா. அப்புறம் குளுருது குளுருதுன்னா, ரெண்டே நாள்ல முடிஞ்சுபோச்சு. உங்க மேல ஒரு கொறையும் சொல்ல மாட்டோம்மா. நல்லாத்தான் பாத்திய. வயித்துல ஒண்ணுமில்ல, சுத்தம்னு எழுதியும் குடுத்திய. எங்க தலவிதி. விசாரிச்சதுக்கு ரொம்ப சந்தோசம்.”

போனை வைத்துவிடலாம். அவரே கதவைத் திறந்து கொடுத்துவிட்டார். ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டால், இந்த ஜென்மத்தில் அவருக்குத் தெரியப்போவதில்லை.

“அண்ணாச்சி, வெச்சிராதீங்க” என்றேன். “அது தலைவிதி இல்ல.”

எல்லாவற்றையும் சொன்னேன். மெசின், கையெழுத்து, என் பெயர், ஊர். அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன்.

“நீங்க இங்க வீட்டுக்கு வருவியளா?” என்று கேட்டார்.

“அண்ணாச்சி?”

“எம் மவ ஒருத்தி இருக்கா. ஆத்தாள நான்தான் சரியா கவனிக்கல, நான்தான் தண்ணிச் சோறு குடுத்துக் கொன்னுட்டேன்னு இருபத்தி மூணு நாளா சரியாச் சாப்பிடாம கெடக்கா. நாங்க சொன்னா நம்ப மாட்டேங்கா. இத நீங்க வந்து அவகிட்டச் சொல்லணும்.”

“இப்பவே வாரேன் அண்ணாச்சி. வீடு எங்கன்னு சொல்லுங்க” என்றேன்.